பாஸ்கா சேடர் விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாழ்க்கைப்பட்டது நியூ ஜெர்சியில் ஒரு யூதக் குடும்பத்தில். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதைக் கொண்டாடும் பாஸ்கா பண்டிகையும் அதன் இரவு விருந்தான சேடரும் நெருங்கினால் போதும், தமிழ் நண்பர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "ஆபீஸ் நண்பர் சேடருக்குக் கூப்பிட்டிருக்கிறார், என்ன கொண்டு போவது?" என்று சிலர். "மருமகன் யூதப் பையன், இந்த வருஷம் நம் வீட்டிலேயே வைத்துவிடலாமா?" என்று சிலர். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம். மற்றவர்கள் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

பைபிளில் வரும் பாஸ்காவும் இந்தச் சேடரும் ஒன்றுதானா?

தொடக்கம் ஒன்று, நடப்பது வேறு. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் வருவது எகிப்தைவிட்டுக் கிளம்பிய இரவு: ஆட்டுக்குட்டியை அறுத்து, இரத்தத்தை நிலைக்கால்களில் பூசி, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். பிறகு பல நூற்றாண்டுகள் அந்த ஆடு எருசலேம் ஆலயத்தில் பலியிடப்பட்டது. கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்ததும் யூதர்களுக்குப் பலி நின்றுபோனது. (சமாரியர்கள் மட்டும் இன்றைக்கும் கெரிசீம் மலையில் ஆடு அறுக்கிறார்கள்.) பலி போன இடத்துக்குப் பேச்சு வந்தது. வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான்கு கிண்ணம் திராட்சை மது குடித்து, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்வதுதான் சேடர். இதற்கு 15 படிகள் உண்டு. அந்த வரிசையும் வாசகங்களும் ஹகாதா என்ற புத்தகத்தில் இருக்கும்.

பைபிள் தெரிந்தவர்கள் மோசேதான் கதாநாயகன் என்று எதிர்பார்த்து வருவார்கள். மரபான ஹகாதாவில் மோசேயின் பெயர் ஒரு மேற்கோளுக்குள் போகிற போக்கில் ஒரே ஒருமுறை வரும், அவ்வளவுதான். விடுவித்தவர் கடவுள், ஒரு தலைவர் அல்ல என்று காட்டவே இப்படி என்பார்கள்.

எந்த நாளில் வரும்?

யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15-ஆம் நாள், பௌர்ணமி இரவு. யூதர்களின் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால் முந்தின நாள் மாலையையே கணக்கில் வையுங்கள். 2026-ல் ஏப்ரல் 1 மாலை, 2027-ல் ஏப்ரல் 21 மாலை. பண்டிகை வசந்தத்தைவிட்டு நழுவாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். இஸ்ரேலில் ஒரு சேடர், ஏழு நாள் பண்டிகை. வெளிநாடுகளில் மரபைப் பின்பற்றுவோர் இரண்டு இரவும் சேடர் வைத்து எட்டு நாள் கொண்டாடுவார்கள். இரண்டாம் இரவுக்குத்தான் நண்பர்களை அதிகம் அழைப்பார்கள் என்பது என் அனுபவம்.

எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பாடு எப்போது வரும்?

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சேடர் இருட்டியபின் தொடங்கும். கதைப் பகுதி முடிந்த பிறகே சாப்பாடு. பக்தியான வீடுகளில் நள்ளிரவைத் தாண்டும், சாதாரணமாக வைத்துக்கொள்ளும் வீடுகளில் இரண்டு மூன்று மணி நேரம். நீங்களே நடத்துவதாக இருந்தால் ஒரு வழி உண்டு. மூன்றாவது படியான கர்பாஸில் ஏதாவது ஒரு காயை உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட வேண்டும். பார்ஸ்லி இலையை மட்டும் நீட்டாமல் அவித்த உருளைக்கிழங்கு, செலரி, கேரட் என்று தாராளமாக அங்கேயே வைத்துவிடுங்கள். கிழக்கு ஐரோப்பாவில் உருளைக்கிழங்குதான் கர்பாஸ், ஆகவே விதி மீறலும் இல்லை. வயிறு கொஞ்சம் அடங்கினால்தான் ஜனங்கள் கதை கேட்பார்கள்.

விருந்துக்குப் போகும்போது என்ன கொண்டு போகலாம்?

வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம். எவ்வளவு பாசமாகச் செய்திருந்தாலும் கோஷர் (யூத உணவு விதிப்படி நடக்கும்) சமையலறை அதை ஏற்க முடியாது. பூ கொடுக்கலாம். பாஸ்காவுக்கான கோஷர் முத்திரை உள்ள வைன், சாக்லேட் கொடுக்கலாம். வெறும் கோஷர் முத்திரை போதாது, பாஸ்காவுக்கென்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். பக்தியான வீடாக இருந்தால் முதல் நாளே அனுப்பிவிடுவது நல்லது. பண்டிகை இரவில் அவர்கள் மின் சுவிட்சைத் தொடமாட்டார்கள், கார் ஓட்டமாட்டார்கள். ஆகவே காலிங் பெல்லை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள், போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வாழ்த்துச் சொல்ல "ஹாக் சமேயாஹ்" என்றால் போதும்.

புளித்தது கூடாது என்றால் இட்லி, தோசையும் கூடாதா?

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. பாஸ்காவில் விலக்கப்படுவது ஹமேத்ஸ். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் தண்ணீர் பட்டுப் புளித்ததுதான் அது. புளிப்பு என்பதே தடை என்றால் வைனும் போயிருக்க வேண்டுமே! ஆகவே அரிசியும் உளுந்தும் புளித்தால் அது ஹமேத்ஸ் ஆகாது.

ஆனால் அஷ்கெனாசி யூதர்கள் இடைக்காலத்திலிருந்து அரிசி, பருப்பு, சோளம், எள் வகைகளையும் பாஸ்காவில் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். இவற்றைக் கித்னியோத் என்பார்கள். அரபு நாடுகளிலிருந்தும் ஸ்பெயின் மரபிலிருந்தும் வந்த யூதர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள். அரிசியை மூன்று தடவை பொறுக்கி, அன்னிய தானியம் இல்லை என்று பார்த்துவிட்டு உலையில் போடுவார்கள். அமெரிக்காவில் யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவு 2015 இறுதியில் அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. எங்கள் வீட்டில் இது பற்றி மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனவே அழைத்தவரிடம் கேட்டுவிடுவதுதான் உத்தமம்.

நம் ஆட்கள் கவனிக்காமல் விடும் ஒரு பொருள்: பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் பக்தியான யூதருக்கு அது ஆகாது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வது அவ்வளவு பெரிய வேலையா?

பெரிய வேலைதான். அலமாரி, ஃபிரிட்ஜ், அடுப்பு, கார் சீட்டின் இடுக்கு எல்லாம் துடைத்தாக வேண்டும். பாத்திரங்கள் மாறும். வீசியெறிய மனமில்லாத விஸ்கியையும் மாவையும் ரபி (யூத மதகுரு) மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு ஒப்பந்தம் எழுதி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இஸ்ரேலில் அரசுக்குச் சொந்தமான ஹமேத்ஸே இப்படித்தான் விற்கப்படுகிறது.

முந்தின இரவு நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி, ஒரு பறவையிறகு, ஒரு மரக்கரண்டி சகிதம் பிள்ளைகள் ரொட்டித் துணுக்கைத் தேடுவார்கள். தேடல் வீணாகக் கூடாதே என்று பெரியவர்களே பத்துத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து ஒளித்து வைத்திருப்பார்கள். கிடைத்ததை இறகால் கரண்டிக்குள் தள்ளி, மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள். பத்தும் எங்கெங்கே என்று எழுதி வையுங்கள். பியானோவுக்குப் பின்னாலிருந்து ஒன்பதாவது துண்டு மட்டும் அகப்படாமல் இரவு பதினோரு மணிக்குக் குடும்பமே தவழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

சேடர் தட்டில் என்னென்ன வைக்க வேண்டும்?

சுட்ட எலும்பு ஒன்று, ஆட்டுப் பலியின் நினைவாக. சுட்ட முட்டை, ஆலயத்தின் பண்டிகைப் பலிக்காக. கர்பாஸ் காய். கசப்புக்கு மாரோர். ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை. பலர் இரண்டாவது கசப்பாக லெட்யூஸும் வைப்பார்கள். தட்டுக்குப் பக்கத்தில் மூன்று மத்ஸா (புளிப்பில்லா அப்பம்), உப்புத் தண்ணீர்.

மத்ஸா பற்றி: மாவும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, துளை போட்டு, சுட்டு முடித்தாக வேண்டும். அதனால் கடையில்தான் வாங்குவார்கள்.

மாரோருக்குக் கிழக்கு ஐரோப்பிய வீடுகளில் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கு. என் மாமனார் பின்கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் நின்றுதான் துருவுவார். முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி மூக்கைத் துடைப்பார். மிளகாய் தின்று வளர்ந்தவள்தானே என்று முதல் முறை ஒரு கரண்டி எடுத்தேன். இந்தக் காரம் நாக்கில் நிற்பதில்லை, நேரே மூக்குத்தண்டுக்கு ஏறி நெற்றியில் அடிக்கும். அரை நிமிடத்தில் அடையாளமே இல்லாமல் போய்விடும். மேசையிலிருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹரோசெத், செங்கல் சுமந்த அடிமைகளின் சாந்தைக் குறிக்கிறது. எங்கள் வீட்டில் ஆப்பிள், வால்நட், பட்டை, இனிப்பு வைன். ஈராக்கிய யூதர்கள் பேரீச்சம்பழப் பாகில் வால்நட் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால் ஈராக்கிய வகைதான் தூக்கலாக இருக்கும். வெளியே சொல்வதில்லை.

நாங்கள் சைவம். எலும்பு வைக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். சைவ யூதர்கள் சுட்ட பீட்ரூட் வைக்கிறார்கள். தால்முத் என்ற பழைய யூதச் சட்ட நூலில் ராவ் ஹுனா என்ற அறிஞர் இரண்டு பலிகளுக்கும் பதிலாகப் பீட் கீரையும் சோறும் போதும் என்று சொல்லியிருக்கிறார். எனவே பின்புலம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சைவர்களுக்குச் சிக்கல். கோழி சூப், மீன் உருண்டை, நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி என்றுதான் வரும். இறைச்சி உள்ள மேசையில் கோஷர் வீட்டார் பால் பொருளும் வைக்கமாட்டார்கள், தயிர் கேட்டுவிடாதீர்கள். உருளைக்கிழங்குக் குகெல், காய்கள், தேங்காய் மக்ரூன் கிடைக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிச்சயம் ஏற்பாடு செய்வார்கள்.

மது குடிக்காதவர்கள்?

திராட்சைச் சாறு போதும். குழந்தைகளுக்கும் அதுதான். குடிப்பவர்கள் நினைவில் வைக்க: கிண்ணத்தின் குறைந்தபட்ச அளவு சுமார் 86 மில்லி, அது நான்கு முறை, முதலாவது வெறும் வயிற்றில்.

கதையை எப்படி நடத்துவது? புத்தகத்தை வரி விடாமல் படித்தால் எல்லோரும் தூங்கிவிடுகிறார்களே?

சேடர் நன்றாக அமைவதும் சப்பென்று போவதும் இங்கேதான். வரி விடாமல் படிப்பது சிலருக்குக் கடமை, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஆரம்பத்திலிருந்தே இந்த இரவு கேட்பவருக்காகத்தான் அமைக்கப்பட்டது. முதலில் கடைக்குட்டி எழுந்து "மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது?" என்று நான்கு கேள்வி பாடும். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். அவளும் இல்லாவிட்டால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்த இரண்டு பண்டிதர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்கிறது தால்முத். பதில் தெரியும் என்பதற்காகக் கேள்வியிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

ஹகாதாவில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள்: புத்திசாலி, பொல்லாதவன், வெள்ளந்தி, கேட்கத் தெரியாதவன். பொல்லாதவன் "உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்கிறான். "நமக்கு" என்று சொல்லாமல் "உங்களுக்கு" என்று சொன்னதற்காக அவனுக்குச் சூடாகப் பதில் கிடைக்கும். ஆனாலும் அவனுக்கும் மேசையில் இடம் இருக்கிறது. எந்த வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா உண்டு. இந்தப் பகுதி வரும்போது அவரையே படிக்கச் சொல்லுங்கள், களைகட்டும்.

எங்கள் வீட்டு நடைமுறை இது. ஒரு வாரத்துக்கு முன்பே வரப்போகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேலை. ஒருவர் எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், ஒருவர் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் ஒரு கேள்வியோடு வர வேண்டும். கதையின் நடுநாயகமான உபாகமம் 26-ஆம் அதிகார வசனங்களையும், மத்ஸா, மாரோர், பாஸ்கா ஆடு மூன்றையும் விளக்கும் பகுதியையும் விடமாட்டோம். மற்றவற்றில் கத்தரி போடுவோம். "ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும்" என்ற வரி வந்ததும் மாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கள் குடும்பத்தில் எங்கிருந்தோ கிளம்பி வந்தவர் யார்? கையில் என்ன எடுத்து வந்தார்?" என்று சுற்றி வரக் கேட்பார். ஒரு வருஷம் எங்களோடு வந்திருந்த காரைக்குடி நண்பர், 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். வட்டிக்கடைக் கணக்கு நோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம், ஊருக்கு வந்தபின் ஒரு பைசா வசூலாகவில்லையாம். போலந்திலிருந்து வந்த தன் பாட்டி எதற்கும் உதவாத வீட்டுச் சாவியைக் கடைசிவரை வைத்திருந்ததைக் கணவரின் பெரியப்பா சொன்னது அன்றைக்குத்தான். அதற்குமுன் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. சூப் ஆறிப்போனது, யாரும் குறை சொல்லவில்லை.

குழந்தைகளைத் தூங்காமல் வைப்பது எப்படி?

பழைய கவலைதான். ரபி அக்கிவா பிள்ளைகள் தூங்காமலிருக்க வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். சாப்பிடும் முன்பே மேசையை அகற்றிவிடு, பிள்ளை "ஏன்?" என்று கேட்கும் என்கிறார் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதிஸ். நடு மத்ஸாவை உடைத்துப் பெரிய பாதியை ஒளித்து வைப்பது இன்றும் உண்டு. அஃபிகோமன் என்ற அந்தத் துண்டைச் சாப்பிடாமல் சேடரை முடிக்க முடியாது. கண்டெடுத்த பிள்ளை பேரம் பேசலாம். பேரத்தை நீட்டிக்க விடுங்கள்.

ஈராக்கிய வீடுகளில் ஒரு பிள்ளை மத்ஸா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும். "எங்கிருந்து வருகிறாய்?" "எகிப்திலிருந்து." "எங்கே போகிறாய்?" "எருசலேமுக்கு." பாரசீக யூதர்கள் "தாயேனு" பாடும்போது வெங்காயத்தாளால் ஒருவரையொருவர் அடிப்பார்கள், அடிமைகள் மேல் விழுந்த சாட்டைக்காக. எங்கள் வீட்டில் இதைக் கடன் வாங்கினோம். மறுநாள் சோபாவுக்கு அடியிலெல்லாம் வெங்காயத்தாள்.

வாதைகளைச் சொல்லும்போது விரலால் வைனைச் சொட்டுவது எதற்கு?

இரத்தம், தவளை, பேன் என்று ஒவ்வொரு வாதைக்கும் சுண்டுவிரலைக் கிண்ணத்தில் தொட்டு ஒரு சொட்டைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். பத்தும் முடிந்ததும் வெள்ளைத் தட்டில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். விரலை நக்கக் கூடாது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்: நம் விடுதலைக்காக எகிப்தியர்கள் மடிந்தார்கள், அதனால் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது.

கதவைத் திறந்து வைப்பது யாருக்காக?

சாப்பாடு முடிந்து, எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம் நிரப்பி, வாசல் கதவைத் திறப்பார்கள். பிள்ளைகள் கிண்ணத்தில் வைன் குறைகிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் படிக்கும் வசனங்கள், எங்களை விழுங்கியவர்கள் மேல் உம் கோபத்தை ஊற்றும் என்று கடுமையாக இருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் சேர்ந்தவை அவை. கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தத்தை மத்ஸாவில் கலக்கிறார்கள் என்ற பொய்யைக் கிளப்பி, பாஸ்கா காலத்திலேயே யூதர்களைத் தாக்கிய ஊர்கள் உண்டு. வார்சா கெட்டோவில் அடைக்கப்பட்ட யூதர்கள் நாஜிகளுக்கு எதிராக நடத்திய எழுச்சி தொடங்கியதும் 1943 ஏப்ரல் 19 அன்று, பாஸ்காவுக்கு முந்தின நாள். சில குடும்பங்கள் இந்த வசனங்களை இப்போது விட்டுவிடுகின்றன. நாங்கள் படிக்கிறோம்.

எந்த ஹகாதாவை வாங்குவது?

எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்க எண் சொல்லியே இரவு போய்விடும். அமெரிக்காவில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி கம்பெனி 1932 முதல் கடைகளில் இலவசமாகக் கொடுத்துவரும் ஹகாதா ஆயிரக்கணக்கான வீடுகளில் வைன் கறையோடு கிடக்கிறது. புதிதாக எழுதுவோரும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதல் நினைவு நாளான 1969 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் யூதர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நடத்திய விடுதலைச் சேடருக்குத் தனி ஹகாதாவே எழுதப்பட்டது. படத்துக்காகப் பார்க்க விரும்பினால் 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் உருவான சரயேவோ ஹகாதாவின் நகல் பதிப்பைத் தேடுங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். பெரிய வியாழனன்று சர்ச்சில் சேடர் நடத்தலாமா?

நடத்துகிறார்கள். யூதர்களில் பலருக்கு அது உறுத்தல். இன்றைய சேடரின் பெரும்பகுதி ஆலயம் இடிந்தபின் வடிவெடுத்தது, எனவே இயேசுவின் இராவுணவு இப்படியே நடந்தது என்று சொல்வதற்கில்லை. இரத்தப் பழியைச் சுமந்த இரவை இன்னொரு மதம் எடுத்துக்கொள்வதும் அவர்களுக்கு நெருடுகிறது. ஒரு யூத வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதே மேல். "பசித்தவர் எல்லோரும் வந்து சாப்பிடுங்கள்" என்று சொல்லித்தான் கதையே தொடங்குகிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டில் பெசஹா அப்பம் பிட்டுக் கொடுப்பது தனி மரபு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

இந்தியாவில் யூதர்கள் கொண்டாடுகிறார்களா?

ஆம். மும்பைப் பகுதி பெனே இஸ்ரேல் சமூகத்தில் பாஸ்காவுக்குப் புளிக்காடி ஜாடியை மூடும் பண்டிகை என்று மராத்தியில் பழைய பெயர் உண்டு. கொச்சி யூதர்கள் பாஸ்கா சுத்தத்துக்குப் பேர்போனவர்கள், மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயம் நிற்கிறது. ஆட்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

மேசையில் அரசியல் வந்துவிட்டால்?

வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு சில வீடுகளில் பணயக் கைதிகளுக்காக வெற்று நாற்காலி போட்டார்கள், சில வீடுகளில் காஸாவில் இறந்தவர்களுக்காகவும் வாசித்தார்கள், சில வீடுகளில் இரண்டும் நடந்து சண்டையும் நடந்தது. நீங்கள் விருந்தாளி என்றால் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் நடத்துபவர் என்றால், எவ்வளவு பேசுவது, எப்போது சாப்பாட்டுக்குப் போவது என்பதை முன்னதாகவே முடிவு செய்து வையுங்கள்.

மிஞ்சிய மத்ஸாவை என்ன செய்வது?

பெட்டி பெட்டியாக மிஞ்சும். உடைத்து வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்துப் பிழிந்து, முட்டை அடித்துக் கலந்து, வெண்ணெயில் கொத்து பரோட்டா போலப் புரட்டி எடுங்கள். மத்ஸா பிரை என்பார்கள். மாமியார் வீட்டில் சர்க்கரையும் பட்டையும் தூவுவார்கள். நான் வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு போடுவேன், இப்போது என் கணவரும் அதைத்தான் கேட்கிறார். நனைந்த மத்ஸாவையே பாஸ்காவில் தொடாத ஹசீதிகளும் (கடும் ஆசாரமுள்ள ஒரு யூதப் பிரிவினர்) இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர் வீட்டுக்கு இதைக் கொண்டு போகாதீர்கள்.